ஆயாவின் பேரேடு

நடுவர் அவர்களுக்கும் எதிரணியினருக்கும் காரைக்குடிப் பெருமக்களுக்கும் வணக்கம். 1939 முதல் கம்பன் விழா கேட்டுப் பழகிய ஊர் இது. உங்களுக்கு முன்னுரை தேவையில்லை.

படித்த புத்தகத்தைப் பற்றி ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் சாதாரண வாசகருக்குச் சுகமா, சுமையா? சுகம் என்பது எங்கள் அணி. இதற்கு நான்கு காரணங்கள் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் எதிரணித் தலைவர் சொன்ன ஒன்றைக் கேட்ட பிறகு அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். "படித்ததை எழுதி வைப்பது, விருந்துக்குப் போய்வந்து எத்தனை இட்லி தின்றோம் என்று குறித்து வைப்பது மாதிரி. அது வட்டிக்கடைப் புத்தி" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

எந்த ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறார்! செட்டிநாட்டில் விருந்தை எழுதித்தான் வைப்பார்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். எத்தனை பந்தி, எத்தனை இலை, கவுனி அரிசி எத்தனை படி, எது மீந்தது, எது பற்றவில்லை, எல்லாம் கணக்குச் சிட்டையில் ஏறும். "கந்தரப்பத்துக்கு மாவு இன்னும் ரெண்டு படி போட்டிருக்கணும்" என்று ஒரு ஆச்சி சொன்னால் அதுவும் ஏறும். எதற்கு? அடுத்த பெண்ணின் கல்யாணத்துக்கு. தின்ற கணக்கா அது? அடுத்த பந்தியின் ருசிக்கான கணக்கு. வாசகரின் குறிப்பேடும் அதே சிட்டைதான்.

வட்டிக்கடைப் புத்தி என்றாரே, அதற்கும் பதில் இருக்கிறது.

என் ஆயா, அம்மாவைப் பெற்றவர், ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். ஆயா வீட்டு ஐயாவின், என் தாத்தாவின், பினாங்குக் கடையிலிருந்து வந்த பேரேடு ஒன்று பாதி எழுதாமல் கிடந்தது. அதன் பின்பக்கத்தைத் திருப்பி, 1987இல் ஆயா எழுத ஆரம்பித்தார். நூலகத்தில் எடுத்த புத்தகம், தேதி, அப்புறம் இரண்டு பத்தி. வரவுப் பக்கம் பிடித்தது, பற்றுப் பக்கம் பிடிக்காதது. ஒரு குடும்ப நாவலுக்கு வரவு: "மாமியார் பேச்சு அச்சு அசல்." பற்று: "காப்பி குடிப்பதையே எத்தனை தடவை எழுதுவார்?"

இப்போது 1991க்கு வாருங்கள். வீட்டுப் பேச்சை மீறி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் கதை. பற்றுப் பக்கத்தில் ஆயா எழுதுகிறார்: "பெண்ணுக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது." வரவுப் பக்கம் காலி. 1999. அதே நூலகம். முன்பு படித்ததே மறந்துபோய் அதே புத்தகத்தை எடுத்து வருகிறார். வரவுப் பக்கத்தில் எழுதுகிறார்: "அந்தப் பெண் கேட்டதில் என்ன தப்பு?" பற்றுப் பக்கம் காலி!

நடுவர் அவர்களே, மறுபடியும் சொல்கிறேன். அதே புத்தகம், அதே பெண், அதே பிடிவாதம். முதலில் ஆகாது என்றவர், எட்டு வருடம் கழித்து என்ன தப்பு என்கிறார். அச்சில் ஓர் எழுத்து மாறவில்லை. நடுவில் நடந்ததைச் சொல்கிறேன். 1996இல் என் சின்னாத்தாள், அம்மாவின் தங்கை, இரண்டு பிள்ளைகளோடு ஆயா வீட்டுக்கே திரும்பி வந்தார். தட்டச்சு படித்தார், வேலைக்குப் போனார். தினமும் காலையில் முகப்பில் நின்று டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து அனுப்பியவர் யார்? பிடிவாதம் ஆகாது என்று எழுதிய அதே ஆயா.

எழுதி வைக்காமல் இருந்திருந்தால் இது யாருக்குத் தெரியும்? ஒருநாள் ஆயாவே இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ரெண்டும் நாந்தான் எழுதியிருக்கேன், பாத்தியா?" என்றார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சாதாரண வாசகரின் கருத்தை யார் கேட்டார் என்றும் ஒருவர் சொன்னார். கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதிய மனிதர், புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகையையும் நாடக நோட்டீசையும் சேர்த்து வைத்தாரே, அதையும்தான் யார் கேட்டார்? 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகம் ஆனது.

ஆயாவைப் பார்த்துத்தான் நானும் எழுதுகிறேன். பெருமாள்முருகனின் ஆளண்டாப்பட்சிக்கு, 2023இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு ஜேசிபி பரிசு வாங்கியதே, அந்த நாவலுக்கு, என் பற்றுப் பக்கத்தில் "வண்டி மெதுவாகப் போகிறது" என்றுதான் முதலில் எழுதினேன். பாகப்பிரிவினையில் ஏமாந்த தம்பி, நிலம் தேடி மாட்டுவண்டியில் போகிற கதை. மாட்டுவண்டி மெதுவாகத்தானே போகும் என்று நாலு நாள் கழித்துப் புத்தி வந்து அதை அடித்துவிட்டு, வரவில் எழுதினேன்.

கடைசியாக ஒன்று. மணி அடிக்க வேண்டாம், நடுவர் அவர்களே.

ஆயாவுக்குப் பார்வை போன பிறகு நான் படிப்பேன், அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். கடைசியாகப் படித்தது மு. ராஜேந்திரனின் காலா பாணி, 2022இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். 1801இல் இதோ பக்கத்துத் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, சிவகங்கை மன்னர் பெரிய உடையணத் தேவரையும் எழுபதுக்கும் மேற்பட்டவர்களையும் 1802இல் பினாங்குக்குக் கப்பலேற்றிய கதை. பினாங்கு என்றதும் ஆயா எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஐயா போன ஊர். தான் ஒருநாளும் பார்க்காத ஊர். "ஐயா மூணு வருசக் கணக்கு முடிச்சா வந்துருவாக. அந்த ராசா ஊரு திரும்புனாகளா?" என்று கேட்டார். நாளைக்குப் படிப்போம் ஆயா என்றேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை.

காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் தனியாக உட்கார்ந்து மீதிப் பக்கங்களைப் படித்து முடித்தேன். பேரேட்டை எடுத்தேன். தேதி போட்டேன். வரவா பற்றா என்று தெரியாமல், இரண்டு பத்திக்கும் நடுவில் எழுதினேன்: "வரவில்லை, ஆயா."