5 நாள் கென்யா சஃபாரி: எதை எடுப்பது, எதை விடுவது?

சரி, அடுத்த கேள்வி. கோயம்புத்தூரிலிருந்து ஒரு நேயர் அனுப்பியிருக்கிறார், அப்படியே வாசித்துவிடுகிறேன். "அண்ணா, மகளுக்குக் காலாண்டு விடுமுறை விடும்போது, செப்டம்பர் கடைசியில், கென்யா போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, 9 வயது மகள், 66 வயது அப்பா. அப்பாவுக்கு முதுகுவலி உண்டு. நைரோபியில் இறங்கிய பிறகு கையில் இருப்பது 5 நாள், 4 இரவு. அம்போசெலி ஒரு இரவு, நகுரு ஒரு இரவு, மசாய் மாரா இரண்டு இரவு என்று ஏஜென்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார். பலூன் சவாரி, மசாய் கிராமம் இரண்டுக்கும் தனிக் காசு. எதை எடுப்பது, எதை விடுவது?"

நல்ல கேள்வி. ஏஜென்ட் உங்களை ஏமாற்றவில்லை. மூன்று பூங்கா பெயர் இருந்தால்தான் பேக்கேஜ் விற்கும், அதனால் அப்படிப் போட்டிருக்கிறார். ஆனால் அந்தத் திட்டத்தை ஒரு வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். அம்போசெலி நைரோபிக்குத் தெற்கே, தான்சானியா எல்லை ஓரம். நகுரு வடமேற்கே. மாரா தென்மேற்கே. நைரோபியிலிருந்து அம்போசெலிக்கு நாலு, அஞ்சு மணி நேரம். அங்கிருந்து நகுரு போக மறுபடி நைரோபி வழியாகத்தான் வர வேண்டும், ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. நகுருவிலிருந்து மாரா அஞ்சாறு மணி நேரம், மாராவிலிருந்து நைரோபி திரும்ப இன்னொரு அஞ்சாறு மணி நேரம். கூட்டினால் இருபது மணி நேரத்துக்கு மேல் வண்டியிலேயே போகிறது. அப்பாவின் முதுகு என்னாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதுகைக் கூட விடுங்கள். கென்யா பூமத்திய ரேகையில் இருக்கிற நாடு. வருடம் முழுக்க ஆறரை மணி வாக்கில் விடியும், ஆறரை வாக்கில் இருட்டும். வெளிச்சத்தில் சிங்கமோ சிறுத்தையோ நடமாடுவது பெரும்பாலும் விடிந்து மூன்று மணி நேரம், சாயங்காலம் இரண்டரை மணி நேரம். நடுப்பகலில் எல்லாம் புதருக்குள் படுத்துக்கொள்ளும். ஆக, உங்கள் கையில் உண்மையில் இருப்பது ஐந்து நாள் இல்லை, நாலு காலையும் நாலு மாலையும்தான். ஊர் மாறுகிற ஒவ்வொரு நாளும் அதில் ஒன்று போய்விடும், சில நாள் காலை மாலை இரண்டுமே போய்விடும். ஏஜென்ட் திட்டத்தில் முழுதாக ஒரு காலையும் மாலையும் கிடைப்பது நாலாம் நாள் ஒன்றுதான்.

அதனால் என் பதில், செப்டம்பர் கடைசி என்றால் மூன்று இரவும் மாராவிலேயே இருங்கள், நாலாவது இரவு நைரோபி. நகுருவும் அம்போசெலியும் வேண்டாம்.

நகுருவை விடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே போவது முக்கியமாகக் காண்டாமிருகத்துக்காக. கறுப்பு, வெள்ளை இரண்டு வகையும் உண்டு. ஒரு காலத்தில் அங்கே இருக்கிற ஏரி முழுக்க இளஞ்சிவப்பாக ஃபிளமிங்கோ பறவைகள் நிற்கும், இன்னமும் போட்டோவில் அதைத்தான் காட்டுகிறார்கள். ஏரியின் நீர்மட்டம் ஏறி உப்புத்தன்மை குறைந்த பிறகு பெரும்பாலான கூட்டம் பொகோரியா போன்ற வேறு ஏரிகளுக்குப் போய்விட்டது. காண்டாமிருகம் பார்க்க நகுரு வரை போக வேண்டாம், நைரோபி நகரத்தை ஒட்டியே பார்க்கலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அம்போசெலியை விடச் சொல்வதுதான் எனக்கே கஷ்டமாக இருக்கிறது. கிளிமஞ்சாரோ மலையின் பனி உருகியும் மழை பெய்தும் மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் அங்கே சதுப்பு நிலமாக மேலே வருகிறது. காலையில் யானைக் கூட்டங்கள் வறண்ட பக்கத்திலிருந்து வரிசையாக அந்தச் சதுப்பை நோக்கி நடந்து வரும். குட்டிகள் நடுவில், பெரிய பெண் யானை முன்னால். வண்டி நின்றால் பத்தடி தூரத்தில் கடந்து போகும், கால் சத்தமே கேட்காது, புழுதி மட்டும் மூக்கில் ஏறும். அந்த யானைகளைக் குடும்பம் குடும்பமாக 1972 முதல் பதிவு செய்து ஆராய்ந்து வருகிறார்கள். ஆனால் இதெல்லாம் ஒரு இரவில் நடக்கிற காரியம் இல்லை. கிளிமஞ்சாரோ பெரும்பாலும் விடிகாலையிலும் அந்தி நேரத்திலும்தான் மேகம் விலகி முகம் காட்டும். ஒரே ஒரு காலை வைத்துக்கொண்டு போய், அன்று மேகமாக இருந்துவிட்டால் அவ்வளவுதான். ஜனவரி, பிப்ரவரியில் போகிறவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், அம்போசெலியில் இரண்டு இரவு இருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு மாரா ஏன் என்றால், வில்டபீஸ்ட் என்று ஒரு விலங்கு, மாடு மாதிரி இருக்கும் பெரிய மான் இனம். ஜூலை வாக்கில் தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து வருகிற அதன் கூட்டம் அக்டோபர் வரை அங்கே இருக்கும். மொத்தக் கூட்டம் லட்சக்கணக்கில், கூடவே வரிக்குதிரைகள். இரை இருக்கிற இடத்தில் சிங்கம், கழுதைப்புலி எல்லாம் இருக்கும்.

இப்போது காசு விஷயம். மாரா தேசியக் காப்பகத்துக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளுக்கு 200 டாலர். மற்ற ஆறு மாதம் 100. டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரைதான். நீங்கள் முதல் நாள் நைரோபியில் கிளம்பி, நரோக் வழியாக மாராவைத் தொடும்போது மதியம் இரண்டு, மூன்று ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்குக் காப்பகத்துக்குள் போனால் இரண்டு மணி நேரத்துக்கு மூன்று பெரியவர்களுக்கு 600 டாலர். அதற்குப் பதில் முதல் இரவு மட்டும் காப்பகத்தை ஒட்டியிருக்கிற கன்சர்வன்சி ஒன்றில் தங்குங்கள். மாரா நார்த், நபோய்ஷோ, ஓலாரே மொடொரொகி என்று பல இருக்கின்றன. அந்தப் பகுதிப் பழங்குடிகளான மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தை வனவிலங்குக்காகக் குத்தகைக்கு விட்டு நடக்கிற இடங்கள் அவை. கட்டணத்தை அறை வாடகையோடு சேர்த்தே வாங்குவார்கள், கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அறை விலை கூடத்தான், ஆனால் அன்றைக்குக் காப்பக டிக்கெட் வேண்டாம்.

கன்சர்வன்சியில் இன்னொரு லாபம், இரவு சஃபாரி. காப்பகத்துக்குள் இருட்டிய பிறகு வண்டி ஓட அனுமதி இல்லை, பாதையை விட்டு இறங்கவும் கூடாது. கன்சர்வன்சியில் சாப்பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ சிவப்பு வடிகட்டி போட்ட விளக்கோடு கூட்டிப் போவார்கள். ஸ்பிரிங்ஹேர் என்று ஒரு ஜந்து, முயல் அளவு இருக்கும், பின்னங்காலில் எம்பி எம்பிக் குதிக்கும். விளக்கு வெளிச்சத்தில் முதலில் இரண்டு கண் மட்டும் மேலும் கீழும் போய்வரும், அப்புறம்தான் உடம்பே தெரியும். 9 வயதுப் பிள்ளைக்குச் சிங்கத்தைவிட இதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். காலை நடைப்பயணமும் உண்டு, ஆனால் அதற்குச் சிறு பிள்ளைகளைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. முன்பதிவு செய்யும்போதே வயதைச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம், மூன்றாம் இரவுகள் காப்பகத்துக்கு உள்ளேயே தங்க முடிந்தால் நல்லது. இரண்டு முழு நாள் கிடைக்கும், நாலாம் நாள் காலையும் ஒரு சுற்று போய்விட்டு 10 மணிக்குள் வெளியேறிவிடலாம். 10 தாண்டினால் இன்னொரு நாள் டிக்கெட் கேட்பார்கள்.

அந்த இரண்டு நாளில் ஒன்றை ஆற்றுக்குக் கொடுங்கள், ஒன்றைப் புல்வெளிக்கு. ஆறு என்றால் மாரா ஆறு, வில்டபீஸ்ட் கடக்கிற காட்சி. இதில் கொஞ்சம் மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். கரையில் ஆயிரக்கணக்கில் வந்து கூடும். முன்னால் நிற்கிறது தண்ணீரில் காலை வைக்கும், மோந்து பார்க்கும், பின்வாங்கும். ஒரு வரிக்குதிரை வந்து எட்டிப் பார்க்கும். பிறகு என்ன தோன்றுமோ, மொத்தக் கூட்டமும் திரும்பிப் போய்ப் புல் மேய ஆரம்பித்துவிடும். நீங்கள் எஞ்சினை அணைத்துவிட்டு வெயிலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள். கடக்கலாம், கடக்காமலும் போகலாம், அதற்கு எந்த ஏஜென்டும் உத்தரவாதம் தர முடியாது. அன்றைக்கு மதியச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள். அப்பாவுக்குக் கழிப்பறை எங்கே நிறுத்தலாம் என்று காலையிலேயே ஓட்டுநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நினைத்த இடத்தில் வண்டியை விட்டு இறங்க முடியாது.

புல்வெளி நாள் பூனை இனத்துக்கு. ரேடியோவில் செய்தி வந்ததும் பத்து வண்டி ஒரே இடத்துக்குப் பறக்கும். ஒரு விலங்கைச் சுற்றி அஞ்சு வண்டிதான் நிற்கலாம் என்பது அங்கே விதி, மற்றவர்கள் தள்ளி நின்று காத்திருக்க வேண்டும். சீசனில் அதை எல்லோரும் மதிப்பதில்லை. உங்கள் ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கூட்டத்துக்குப் பின்னால் ஓட வேண்டாம், பொறுமையாகத் தேடலாம் என்று. நல்ல ஓட்டுநர் சிவிங்கிப்புலியைத் தேட மாட்டார், மானைப் பார்ப்பார். தாம்சன் கெசல் என்ற சின்ன மான்கள் மேய்ச்சலை நிறுத்திவிட்டு எல்லாம் ஒரே திசையில் தலையைத் தூக்கி நின்றால், அந்தத் திசையில் பைனாகுலரைத் திருப்புவார். புல்லுக்கு மேலே இரண்டு காது நுனி தெரியும்.

பலூன். ஆளுக்குச் சுமார் 450, 500 டாலர் ஆகும். மேலே இருந்து விடியலைப் பார்ப்பது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நாலரை மணிக்கே கிளம்ப வேண்டும், பறப்பது ஒரு மணி நேரம், காலை உணவை முடித்து வரும்போது ஒன்பதரை ஆகிவிடும். அன்றைய காலை அதோடு சரி. கீழே சிங்கம் தெரிந்தால் நிறுத்தவும் முடியாது, காற்று போகிற பக்கம்தான் போக வேண்டும். இறங்கும்போது கூடை சில சமயம் பக்கவாட்டில் சாய்ந்து கொஞ்ச தூரம் இழுபடும், எல்லோரும் குந்தி உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். முதுகுவலி உள்ளவருக்கு அது ஆகாது. அந்தக் காசை இரண்டு விஷயத்துக்குக் கொடுங்கள். ஒன்று, வேனுக்குப் பதில் உங்கள் குடும்பத்துக்கு மட்டுமாக ஒரு லேண்ட் குரூசர். மாராவில் பல இடம் கரிசல் மண், ஒரு மழை பெய்தால் வேன் சக்கரம் புதைந்துவிடும். தனி வண்டி என்றால் பிள்ளை அலுத்துப்போனாலும் உங்கள் இஷ்டத்துக்குத் திரும்பலாம். இன்னொன்று, திரும்பும்போது விமானம். மாராவின் சின்ன ஓடுபாதையிலிருந்து நைரோபி வில்சன் விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் போலத்தான் ஆகும். போகும்போது சாலையிலேயே போங்கள், ரிஃப்ட் பள்ளத்தாக்கு இறக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய இடம் உண்டு. விமானத்தில் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மடங்குகிற துணிப்பை. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை நைரோபி ஹோட்டலிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

மசாய் கிராமம் போகலாம், நடுப்பகலில். விலங்கு தூங்குகிற நேரம்தானே. ஆளுக்கு எவ்வளவு என்று வாசலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கடைசியில் பாசிமணி கடைப்பக்கம் கூட்டிப் போவார்கள், வாங்கியே ஆக வேண்டும் என்று இல்லை.

ஐந்தாம் நாள் விடிகாலை நைரோபி தேசியப் பூங்கா. 117 சதுர கிலோமீட்டர்தான், 1946 முதல் இருக்கிறது. சொன்னேனே, அந்தக் காண்டாமிருகம் இங்கேதான், இரண்டு வகையும். பின்னால் நகரத்துக் கட்டடங்கள் தெரியும். காட்டு யானை இதில் கிடையாது. ஆனால் பூங்காவின் ஓரத்திலேயே ஷெல்ட்ரிக் யானைக் காப்பகம் இருக்கிறது, தாயை இழந்த குட்டிகளை வளர்க்கிறார்கள். காலை 11 முதல் 12 வரை ஒரு மணி நேரம்தான் பார்வையாளர்களுக்கு. குட்டிகள் ஓடி வந்து பெரிய புட்டியில் பால் குடிக்கும். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். அம்போசெலி போகாத குறைக்கு மகளை இதைக் காட்டிச் சமாதானப்படுத்தலாம்.

இன்னும் ஒன்று, இதைப் பலர் கடைசி வாரத்தில் கேட்கிறார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பயணத்துக்கு 10 நாளுக்கு முன்னாலாவது போட்டிருக்க வேண்டும், சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த ஊசியில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை, அதனால் அப்பாவை முதலில் உங்கள் மருத்துவரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகு டிக்கெட் போடுங்கள்.

அடுத்த கேள்விக்குப் போகலாம்.