புதுசா என்ன வந்திருக்குங்க?

(கோவையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். நான் மாட்டு டாக்டர். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை, இழுத்தடித்தால் மணியடித்து விடுங்கள்.

வ.உ.சி. பூங்காவில் மான் பார்க்காமல் வளர்ந்தவர் இந்த அறையில் யாரும் இருக்க மாட்டீர்கள். எங்கள் அப்பா வருசத்துக்கு ஒரு தடவை எங்களைக் கூட்டிப் போவார். டிக்கெட் வாங்கும்போதே, "புதுசா என்ன வந்திருக்குங்க?" என்று கேட்பார். உள்ளே இருப்பவர் சில்லறையை எண்ணிக்கொண்டே, "பாம்பு வந்திருக்குங்க" என்பார். அடுத்த வருசமும் அதே பாம்புதான். ஆனாலும் அந்தப் பதிலைக் கேட்டால்தான் எங்களுக்கு உள்ளே போக மனசு வரும்.

அப்பா கேட்டது தப்பான கேள்வி என்று எனக்குப் புரிய முப்பது வருசம் ஆனது. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

நம்ம ஊர் சூ, அதாவது அந்த வ.உ.சி. பூங்கா உயிரியல் பூங்கா, 1965இல் ஆரம்பித்தது. மாநகராட்சியுடையது. மொத்தம் நாலரை ஏக்கர். அந்த இடத்துக்குள் மான், குரங்கு, முதலை, பாம்பு, பறவைகள். போதிய இடம் இல்லை என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022 ஜனவரியில் அங்கீகாரத்தை ரத்து செய்தது. அங்கீகாரம் போனால் என்ன ஆகும்? போர்டை மட்டும் கழற்றினால் போதாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள விலங்கை ஒரு சூ இன்னொரு சூவிலிருந்து வாங்கவோ மாற்றிக்கொள்ளவோ ஆணையத்தின் அனுமதி வேண்டும், அங்கீகாரமும் வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருப்பது வெளியே போகலாம், புதிதாக ஒன்றும் வர முடியாது. அன்றோடு அப்பாவின் கேள்விக்குப் பதிலும் முடிந்து போனது.

இருந்த புள்ளிமான்களைக் காட்டில் விட முடிவு செய்தார்கள். பிறந்ததிலிருந்து தொட்டியில் போட்ட தீவனத்தைத் தின்று வளர்ந்த மான், காட்டுக்குள் போய் எதைத் தின்னும்? அதனால் விடுவதற்கு முன்னாலேயே காட்டுத் தழை, காட்டுப் புல் என்று கொண்டுவந்து கொடுத்துப் பழக்கினார்கள். காசநோய் இருக்கிறதா என்று சாணத்தைச் சோதித்தார்கள். காட்டில் இருக்கும் மானுக்கு நாம் நோயைக் கொடுத்துவிடக் கூடாது இல்லையா? ஒரு மானைக் காட்டில் விடுவதென்றால் கதவைத் திறந்து விடுவது என்றுதான் நாம் நினைக்கிறோம். கதவைத் திறப்பது கடைசி நாள் வேலை. அதற்கு முந்தின மாசங்களெல்லாம் தழையும் சாணமும்தான்.

சரி, பாலக்காடு கணவாயைத் தாண்டுவோம். திருச்சூரிலும் இதே மாதிரி ஊருக்கு நடுவில் ஒரு பழைய சூ. 1885இல் தொடங்கியது, பதிமூன்றரை ஏக்கர். நம்முடையதைப் போல மூன்று மடங்கு என்று பெருமைப்படலாம், ஆனால் புலிக்கும் சிங்கத்துக்கும் அது ஒரு இடமே இல்லை. அவர்கள் மூடவில்லை, இடம் மாற்றினார்கள். ஊருக்கு வெளியே புத்தூரில் 336 ஏக்கர். ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு. ஜான் கோ என்ற வெளிநாட்டு சூ வடிவமைப்பாளரை வைத்துத் திட்டம் போட்டார்கள். சைலன்ட் வேலி, கன்ஹா என்று காட்டின் பெயரிலேயே பகுதிகள். 2023 அக்டோபர் 2 அன்று முதலில் போய்ச் சேர்ந்தது மயில். புலியையோ சிங்கத்தையோ முதலில் அனுப்பிப் படம் பிடிக்கவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

அப்புறம் வந்த ஒரு விருந்தாளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர். வயநாட்டில் வாகேரி என்ற ஊரில் மாட்டுக்குப் புல் அறுக்கப் போன ஒரு விவசாயியைப் புலி அடித்துக் கொன்றது. பத்து நாள் தேடி, கூண்டு வைத்துப் பிடித்தார்கள். வயசான ஆண் புலி, பதிமூன்று வயசு. முகத்தில் ஆழமான காயம். அதைப் புத்தூருக்குக் கொண்டுவந்தார்கள். பூங்கா அப்போது திறக்கவே இல்லை. டிக்கெட் கவுன்டர் இல்லை, கடலை விற்கிறவர் இல்லை. ஆனால் புலியைத் தனியாக வைக்க ஒரு அறை இருந்தது. மயக்க மருந்து கொடுத்து, அந்தக் காயத்தைச் சுத்தம் செய்து தையல் போட்டார்கள்.

மாட்டுக்குக் கொம்பு முறிந்து கட்டுப் போடுவதற்கே எனக்கு நாலு ஆள் வேண்டும், மாடு பழகின மாடாக இருந்தாலும். இது ஆளைக் கொன்ற புலி, வலியில் இருக்கிறது, இதுவரை சுவரையே பார்த்ததில்லை. மயக்கம் கூடினால் மூச்சு நிற்கும், குறைந்தால் எழுந்து உட்காரும். அந்தத் தையலைப் போட்டவரின் கை எப்படி இருந்திருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பூங்காவுக்குத் திறப்பு விழா நடந்தது 2025 அக்டோபர் 28. அதாவது அந்தப் "புதுவரவு" வந்து இரண்டு வருசம் ஆகப் போகும்போதுதான் திறப்பு விழாவே நடந்தது.

புதிதாக வரும் எந்த விலங்கையும் குறைந்தது முப்பது நாள் தனியாக வைக்க வேண்டும். சாணம், ரத்தம், குடற்புழு என்று எல்லாம் பார்த்த பிறகுதான் மற்றவற்றோடு சேர்க்கலாம். சின்ன சூக்களில் முதலில் அடிபடுவது இந்தத் தனி அறைதான். இடம் இருக்காது. "ஒரு மான்தானே, ஓரமாக் கட்டிப் போடு" என்பார்கள். மாட்டுப் பண்ணையில் இதைச் செய்து கோமாரியைக் கூட்டி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சந்தையில் வாங்கின ஒரே ஒரு கன்று, பத்தே நாளில் தொழுவம் முழுக்க எச்சில் ஒழுகும்.

இன்னொன்று. சின்ன சூவுக்கு வருகிற விலங்கு எல்லாம் விரும்பி வாங்கினது கிடையாது. வீட்டுக் கூண்டில் கிளி வளர்ப்பது குற்றம் என்று தெரிந்ததும் ஒப்படைக்கிறவர்கள், பெட்டியில் கடத்திப் பிடிபட்ட நட்சத்திர ஆமைகள், கிணற்றில் விழுந்து மீட்ட மிருகம். இவற்றை வேண்டாம் என்று சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், மான் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். ஆணையும் பெண்ணையும் பிரித்து வைக்காவிட்டால் ஐந்து வருசத்தில் கூண்டு கொள்ளாது. ஒரே குடும்பத்துக்குள்ளேயே பெருகினால் ரத்தமும் கெடும். அதற்குத்தான் ஒரு சூவின் கிடாவை இன்னொரு சூவுக்கு மாற்றிக் கொடுப்பது. பத்திரிகையில் "புதுமான் வருகை" என்று போடுவார்கள். பொண்ணு எடுத்துப் பொண்ணு கொடுக்கிற கதைதான் அது.

புத்தூரைப் புகழ்ந்தே பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். திறந்து இரண்டு வாரத்தில், நவம்பரில், தெருநாய்கள் உள்ளே புகுந்து பத்துப் புள்ளிமான்கள் செத்தன. நாய் கடித்துக் குதறினால்தான் மான் சாகும் என்றில்லை. துரத்தினாலே போதும். பயத்தில் வெறி பிடித்த மாதிரி ஓடும்போது தசை நாரெல்லாம் சிதைந்து, இதயமும் சிறுநீரகமும் கைவிட்டுவிடும். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் விழுந்து கிடக்கும். முந்நூற்று முப்பத்தாறு ஏக்கர், வெளிநாட்டு வடிவமைப்பு, எல்லாம் சரி. வேலிக்கு அடியில் ஒரு நாய் நுழைகிற அளவு ஓட்டை இருந்தால் அவ்வளவுதான். சாயங்காலம் டார்ச் அடித்துக்கொண்டு வேலியோரம் ஒரு சுற்று நடக்கிற ஆள், எந்தப் புதுவரவை விடவும் முக்கியம்.

அதனால் நீங்கள் அடுத்த தடவை திருச்சூருக்கோ வண்டலூருக்கோ போனால், புதுசா என்ன வந்திருக்கு என்று தாராளமாகக் கேளுங்கள். கூடவே, அது எங்கிருந்து வந்தது, ராத்திரி எங்கே படுக்கும் என்றும் கேளுங்கள். கூண்டு காலியாகக் கிடந்தால் திட்டாதீர்கள், பின்னால் தனி அறையில் அந்த முப்பது நாள் ஓடிக்கொண்டிருக்கலாம். எங்கள் அப்பா இதையெல்லாம் கேட்டால், "அதுக்கு எதுக்குடா டிக்கெட்டு?" என்றுதான் சொல்லியிருப்பார்.

மணி அடிக்கிறார்கள். அந்தப் பின்வரிசைத் தம்பி ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறான். புலியைப் பற்றித்தான் கேட்கப் போகிறான் என்று நினைக்கிறேன். கேளு தம்பி.