அலை உடையாத இடத்தில் இறங்காதீர்கள்

தாய்மாரே, பெரியவர்களே, பிள்ளைகளே,

பள்ளி விடுமுறை வந்தால் தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பேச்சுதான்: கொச்சிக்குப் போய்க் கப்பலேறி லட்சத்தீவு பார்க்க வேண்டும். தாராளமாகப் போய்வாருங்கள். நுழைவு அனுமதியை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவ மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். நான் பேச வந்தது கரையில் கால் வைத்த பிறகு நடப்பதைப் பற்றி.

அகத்தி, கவரத்தி, கடமத்து மூன்று தீவுகளுக்கும் அமைப்பு ஒன்றுதான். மேற்கே பவளப்பாரும் (கடலுக்குள் பவளத் திட்டு) அதற்குள் பச்சைக் காயலும். கிழக்கே பார் முடிந்ததும் அடி சட்டென்று ஆழத்துக்குப் போய்விடும். குளிப்பதென்றால் மேற்கே, காயலுக்குள். அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. பாரின்மேல் உடைகிற அலை ஓயாமல் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. அந்தத் தண்ணீர் வெளியேற வேண்டுமே! பாரில் இருக்கும் இடைவெளி வழியாகப் பாய்கிறது. வற்றத்தில், அதாவது கடல் இறங்கும்போது, இன்னும் வேகமாக. தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் ஆறு கடலுக்குப் பாய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். படகு வந்துபோகும் அந்த வாயின் அருகே நீந்தவே கூடாது.

திறந்த மணற்கரையிலும் இதே கதைதான். இறங்குமுன் மேடான இடத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரைத்து அலை உடைகிறது. நடுவில் ஒரு துண்டு மட்டும் கறுத்து, அமைதியாகக் கிடக்கிறது. சருகும் நுரையும் அதன் வழியே கடல்பக்கம் போகின்றன. நீச்சல் தெரியாதவர்கள் "இங்கேதான் அலை இல்லை" என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இறங்குவது அந்த இடத்தில்தான். அதுதான் இழுவை, கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துப்போகும் நீரோட்டம். சில சமயம் விநாடிக்கு 2 மீட்டர் வேகம் போகும். ஒலிம்பிக் வீரரே எதிர்த்து நீந்த முடியாது.

அகப்பட்டால்? இழுவை ஆளை அடியில் அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். கரையை நோக்கி மல்லுக்கு நிற்பவர்கள்தான் களைத்து மூழ்குகிறார்கள். மல்லாந்து மிதந்து நிதானமாக மூச்சு விடுங்கள், ஒரு கையை உயர்த்திக் காட்டுங்கள். இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அலையோடு கரையேறுங்கள்.

அடுத்தவர் அகப்பட்டால் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவது அடிக்கடி நடக்கிறது. மூடி இறுக்கிய 5 லிட்டர் காலி கேனில் 20 மீட்டர் நைலான் கயிறு கட்டி எடுத்துப்போங்கள், அகப்பட்டவர் பக்கம் அதை வீசுங்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டால்தான் காற்றை மீறிப் பறக்கும். முழுக்கக் காலியானது காற்றில் திரும்பிவிடும். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. கரைக்குக் கொண்டுவந்தவரைத் தலைகீழாகத் தூக்காதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதி, பிறகு நெஞ்சின் நடுவே 30 அழுத்தம், 2 மூச்சு என்று உதவி வரும்வரை நிறுத்தாமல் செய்யுங்கள்.

கள்ளக்கடல் என்ற சொல்லை நாம்தான் உலகத்துக்குக் கொடுத்தோம். தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயலின் அலை நாள்கணக்கில் பயணித்து, இங்கே காற்றே இல்லாதபோது கரையேறும். 2024 மே 6 அன்று நம் குமரி மாவட்டத்தில் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படியொரு எச்சரிக்கைக் காலத்தில்தான். வானம் தெளிந்திருக்கிறதே என்று நம்பாதீர்கள். கடல்நிலையைக் கணித்துச் சொல்லும் ஹைதராபாத் இன்காய்ஸ் நிலையத்தின் அறிவிப்பைக் காலையில் பாருங்கள். பாறையில் நிற்பவர்களுக்கு ஒரு அடையாளம்: பாறை நனைந்திருந்தால் அலை அங்கே வந்துபோயிருக்கிறது.

காயலில் நடக்கக் கான்வாஸ் ஷூ வேண்டும். மணலில் காலைத் தேய்த்தபடி நடந்தால் திருக்கை விலகிப் போகும். அது குத்தினாலும் கல்மீன் குத்தினாலும் தோல் பொறுக்கும் அளவு சூடான நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். சொறி (ஜெல்லிமீன்) பட்டால் தேய்க்காமல் கடல்நீரில் கழுவுங்கள். நல்ல தண்ணீர் வேண்டாம்.

அந்தமானுக்குப் போகிறவர்கள் அலையாத்திக் கழிமுகங்களில், அந்தி வேளையில் குறிப்பாக, இறங்காதீர்கள். 2010-ல் அங்கே ஹேவ்லாக் தீவில் ஒரு பயணியை உவர்நீர் முதலை கொன்றது. முதலைப் பலகை வைத்த கரையில் முழங்கால் தண்ணீரும் வேண்டாம்.

கடைசியாகச் சங்கு. கூம்பு வடிவத்தில் அழகான கோலம் போட்ட சங்கு உயிரோடு கிடந்தால் எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். அதன் குறுகிய முனையிலிருந்து பாயும் விஷமுள்ளுக்கு மாற்று மருந்து இல்லை.