கரை காக்கும் படையும் நீந்தத் தெரியாத நாமும்

(திருகோணமலையில் மீனவர் கூட்டுறவுச் சங்கமொன்றின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, மாவட்டச் செயலகத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரி அவர்களே, கடற்றொழில் திணைக்களத்தின் உதவிப் பணிப்பாளர் அவர்களே, கோணேசர் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் குருக்கள் ஐயா அவர்களே, மௌலவி அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கரையோரப் பாதுகாப்புப் படைச் சீருடையில் முன்வரிசையில் இருக்கும் தம்பிமாரே, கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்த என் சனங்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் தேநீர் வேளையில் என்னைத் திட்டுங்கள்.

இந்தத் தம்பிமாரின் படையைப் பற்றி, சட்டம், கப்பல், மனிதர் என்று மூன்று விடயம் பேச வந்தேன். மூன்றுக்கும் ஒரே பழமொழிதான்: அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு. நிலாவெளி மணலில் கிடக்கிறதே, அதே அடம்பன் கொடிதான்.

சட்டம் 2009ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கம். மறு ஆண்டு மார்ச்சில் கரையோரப் பாதுகாப்புப் படை பிறந்தது. போர் செய்வது கடற்படையின் வேலை. கள்ளக்கடத்தல், களவு மீன்பிடி, கடலில் கொட்டும் எண்ணெய், தத்தளிக்கும் உயிர் இவையெல்லாம் இவர்கள் பொறுப்பு. நம் நிலம் 65,610 சதுர கிலோமீற்றர். 200 கடல்மைல் வரை நமக்குரிய கடலோ அதைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு. வீடு சிறிது, வளவு பெரிது, காவலுக்குக் கையளவு கப்பல். 2020 செப்டெம்பரில் சங்கமன்கண்டிக்கு அப்பால் நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் எரிந்தபோது, நம்மவர்களோடு இந்தியக் கப்பல்களும் சேர்ந்துதான் தீயை அணைத்தன. திரண்டது அடம்பன் கொடி!

கப்பலைப் பற்றி இந்தத் தம்பிமார் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அவர்களின் ‘சுரக்ஷா’ முன்பு இந்தியாவில் ‘வராஹா’ என்ற பெயரில் ஓடியது என்பதோடு விடுகிறேன்.

இனி மனிதர். அப்போது எனக்குப் பதினேழு வயது. கச்சான் காலம். குச்சவெளிக்கு அப்பால் பெரியப்பாவின் படகு இயந்திரம் நின்றுவிட்டது. கச்சான் நம் பக்கத்தில் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று. நிற்கும் படகை வெளியே தள்ளிக்கொண்டே போகும். பெரியப்பா முதலில் இயந்திரத்தைத் திட்டினார், பிறகு காற்றை, பிறகு என்னை. பொழுது சாயும் நேரத்தில் தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. மனிதர் யோசிக்கவேயில்லை. உடுத்திருந்த சாரத்தை அவிழ்த்துத் துடுப்பில் கட்டி ஆட்டினார். வந்தது கிண்ணியாப் படகு. அதிலிருந்தவர் கயிறு எறியுமுன் சொன்னார்: “அண்ணே, முதலில் சாரத்தை உடுத்துக்கொள்ளுங்கள்.” சிரித்தபடியே கயிற்றைப் பிடிக்க எட்டினேன், கடலில் விழுந்தேன். எனக்கு நீந்தத் தெரியாது. பெரியப்பாவுக்கும் தெரியாது! கடலில் முப்பது வருடம் உழைத்த மனிதர். கிண்ணியாக்காரர் குதித்துத் தூக்கியதால் இன்று ஒலிவாங்கி முன் நிற்கிறேன்.

ஆகவே மூன்றாவது விடயம் முழுவதும் நீச்சல்தான். மற்றவற்றை அடுத்த வருடம் பார்ப்போம். தம்பிமாரே, கடற்கரைகளில் உங்கள் உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள். சனிக்கிழமைகளில் இரண்டு பேரை எங்களுக்குத் தாருங்கள். உட்துறைமுகத்தின் அமைதியான தண்ணீரில் எங்கள் பிள்ளைகளுக்கு, பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து, நீச்சல் பழக்குங்கள். அதிபர்மார் பிள்ளைகளை அனுப்பட்டும், சங்கம் சிற்றுண்டி கொடுக்கட்டும். அடம்பன் கொடி, மறந்துவிடாதீர்கள்.

மனு தேநீர் மேசையில் இருக்கிறது. பேனா இரண்டு வைத்திருக்கிறேன். போன கூட்டத்தில் ஒன்று காணாமற்போனது.