பேர் இருக்கு, விமானம் எங்கே? ரகசிய விமானத்தைக் கணக்குப் புத்தகத்துல தேடலாம் வாங்க

(திரையில்: செம்பனை மட்டைகளுக்கு மேலே வானம். ஜெட் சத்தம்.)

வணக்கம் மக்களே! பாடாங் செராய்க்காரங்களுக்கு இந்தச் சத்தம் புதுசு இல்ல. பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்துல இருந்து கிளம்புற எஃப்/ஏ-18டி போர் விமானம். ஆனா ஒட்டுக்கடையில உட்கார்ந்திருக்கிற அண்ணன் விடமாட்டார்: "அது ராடார்லயே சிக்காத புது ஐட்டம் தம்பி." அண்ணே, தே தாரிக் ஆறுது, குடிங்க.

எத்தனை பேர் வேலைக்கு வந்தாங்கன்னு தெரியணும்னா தோட்டத்துல கிராணியோட செக்ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டைப் பார்ப்போம். போர் விமானமும் அப்படித்தான். கொட்டகைக்குள்ள மறைச்சு வைக்கலாம், கணக்குல எழுதாம காசு வாங்க முடியாது.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வருஷா வருஷம் பட்ஜெட் தாள்களை இணையத்துல போடுது. முதல்ல ஆர்-1. ஆராய்ச்சித் திட்டங்களோட பட்டியல். ஒவ்வொரு வரிக்கும் ஒரு திட்ட எண் இருக்கும்.

(திரையில்: 0604015எஃப்)

முதல் 06-னா ஆராய்ச்சி, மேம்பாடு. கடைசி எஃப் விமானப்படை. என் வந்தா கடற்படை, ஏ வந்தா தரைப்படை. இந்த எண் நீண்டதூர குண்டுவீச்சு விமானத்துக்கு உரியது. 2015 அக்டோபர்ல நார்த்ராப் கிரம்மன் கம்பெனிக்கு ஒப்பந்தம், 2016-ல பி-21னு பேரு, 2022 டிசம்பர்ல திரை விலக்கு, 2023 நவம்பர்ல முதல் பறப்பு. பேரை வச்சுத் தேடினவங்க பாதியில வழி தவறிட்டாங்க. அதனால எண்ணை வச்சுத் தேடுங்க. அதே எண்ணை ஒவ்வொரு திட்டத்தையும் விவரிக்கிற ஆர்-2 தாள்ல தேடினா வருஷவாரியா செலவு விரியும்.

இங்கதான் பலரும் சறுக்குறாங்க. ஆர்-1-ல தொகை ஆயிரம் டாலர் கணக்கு, ஆர்-2-ல மில்லியன் கணக்கு. மாத்திப் படிச்சா ஒரு பயிற்சி விமானம் விமானந்தாங்கிக் கப்பல் விலைக்கு ஏறிடும். இன்னொண்ணு, பாதுகாப்புத் துறை கேட்ட தொகையும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொடுத்த தொகையும் வேற வேற. எந்த வருஷத்துத் தாள், கேட்டதா கொடுத்ததான்னு குறிச்சு வைங்க. அவங்க நிதியாண்டு அக்டோபர் 1-ல தொடங்குது, அதையும் மறந்துடாதீங்க.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. செக்ரோல்ல பேர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார், கேள்விப்பட்டிருப்பீங்க இல்ல? 1985-ல அமெரிக்கப் பட்ஜெட் தாள் ஒண்ணுல 'அரோரா'ன்னு ஒரு பேர் வெளியே வந்துடுச்சு. 1990-ல பத்திரிகையில வந்ததும் உலகமே பறக்க ஆரம்பிச்சது. ஒலியைப் போல அஞ்சு மடங்கு வேகம்னாங்க. கலிஃபோர்னியாவுல நிலநடுக்கக் கருவிகள் ஒலிவெடிப்பை, அதாவது ஒலியை மிஞ்சிப் பறக்கிற விமானம் கிளப்புற அதிர்வைப் பதிவு பண்ணின உடனே, "அதேதான்!"னாங்க. 1992-ல டெக்ஸாஸ்ல எடுத்த படத்துல புகைத்தடம் கயித்துல வளையம் வளையமா கோத்த மாதிரி இருந்தது. நம்ம ஊர்க்காரங்க பார்த்திருந்தா ஆஞ்சநேயருக்கு வடைமாலை வானத்துல போகுதுன்னு கும்பிட்டிருப்பாங்க.

லாக்ஹீட் விமானக் கம்பெனியோட ரகசியப் பட்டறையை நடத்தின பென் ரிச் 1994-ல எழுதினார்: அரோரா விமானமே இல்ல. பி-2 குண்டுவீச்சு விமானத்துக்காக நடந்த போட்டிக்கு ஒதுக்கின காசுக்கு வச்ச பேர். பேர் உண்மை, காசு உண்மை, விமானம் மட்டும் நம்ம கற்பனை! என் கருத்து: ஒரே ஒரு தாள்ல கிடைச்சதை வச்சு வீடியோ போடாதீங்க. அதே காசு இன்னொரு தாள்லயும் வருதான்னு பாருங்க: கணக்காய்வு அறிக்கை, ஒப்பந்த அறிவிப்பு, ஏதாவது ஒண்ணு.

தாள்ல இல்லாததை அமெரிக்காவோட தகவல் உரிமைச் சட்டத்துல கேட்கலாம். 1966-ல வந்த சட்டம், நாம மலேசியாவுல இருந்தே கேட்கலாம். 20 வேலை நாள்ல பதில்னு சட்டம் சொல்லுது, ஆனா நல்லா இழுக்கும். "இந்த விமானத்தைப் பத்தி எல்லாம் கொடுங்க"ன்னு கேட்டா கிணத்துல போட்ட கல்தான். ஆவணத்தோட தலைப்பு, தேதி, திட்ட எண் போட்டு ஒரே ஒரு ஆவணத்தைக் கேளுங்க.

நம்ம நாட்டுல கூட்டரசு அளவுல அந்த மாதிரி சட்டம் இல்ல. 1972-ஆம் வருஷத்து அதிகாரத்துவ ரகசியச் சட்டம்தான் இருக்கு. ஆனாலும் பட்ஜெட்ல தற்காப்பு அமைச்சோட மேம்பாட்டுச் செலவு பி.60-ங்கிற தலைப்பு எண்ல கிடக்கு. நாடாளுமன்றப் பேச்சுகளோட பதிவான ஹன்சார்டும் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையும் யாருக்கும் திறந்திருக்கு. விக்கிறவங்க நாட்டையும் தேடுங்க. 2023 மே மாசம் லங்காவியில மலேசியா வாங்கக் கையெழுத்தான 18 எஃப்ஏ-50எம் போர் விமானங்களோட விலை 920 மில்லியன் டாலர். அதைச் செய்யுற தென் கொரியாவோட கே.ஏ.ஐ. பங்குச்சந்தையில இருக்கிற கம்பெனி, பெரிய ஒப்பந்தத்தை அறிவிக்காம இருக்க முடியாது.

லைக், சப்ஸ்கிரைப் எல்லாம் உங்க இஷ்டம். ஆர்-1-ல உங்க கண்ணுல பட்ட புரியாத பேரை கமெண்ட்ல போடுங்க, திட்ட எண்ணோட. எண் இல்லாத கமெண்ட் நேரா ஒட்டுக்கடை அண்ணனுக்கு!