கச்சான் காலத்தில் கோழிக்கூடு: காற்று வரவேண்டும், கீரி வரக்கூடாது

[காட்சி: மத்தியான வெயில். மாமர நிழலில் வாய் திறந்தபடி நிற்கும் ஊர்க்கோழிகள்.]

வணக்கம். இந்தக் கோழிகளைக் கொஞ்சம் பாருங்கள். வாயைத் திறந்து, செட்டையை உடம்போடு ஒட்டாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சாதாரணமாகவே அதன் உடம்புச் சூடு 41 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். மேலே ஏறும் சூட்டை மூச்சிரைத்துத்தான் வெளியே தள்ள வேண்டும். அப்படி இரைத்துக் களைத்து நிற்கிற கோழி, பற்றைக்குள் இருந்து கீரி பாய்ந்தால் உடனே எழும்பி ஓடாது.

மட்டக்களப்பில் ஜூன், ஜூலை என்றால் கச்சான் என்கிற வறண்ட காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டிலேயே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறிக் காய்ந்த காற்றாக வருகிறது. குளங்களும் மடுக்களும் வற்ற, தண்ணீர் தேடுகிற சீவன்கள் கிணற்றடிக்கு வரத் தொடங்கும். தவளை வரும், தவளையைத் தேடிப் பாம்பு வரும், வந்த பாம்பு குஞ்சையும் முட்டையையும் விட்டுவைக்காது. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வயலோரத்து வளவென்றால் நரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சிக்கல் என்னவென்றால், பயத்தில் கூட்டைத் தகரத்தாலும் பலகையாலும் இறுக்கி அடைத்தால் கோழி உள்ளே புழுங்கிச் சாகும். பாவம் என்று கதவைத் திறந்து விட்டால் மரநாய்க்கு விருந்து. கூடு சூளை மாதிரிக் கொதித்தால் கோழியே உள்ளே போக மறுத்து முருங்கையில் ஏறிப் படுத்துக்கொள்ளும். மரநாய் மரமேறுவதில் கெட்டிக்காரன். ஆகவே காற்றையும் காவலையும் ஒரே சுவரிலேயே வைத்துவிட வேண்டும். அதற்கு வேண்டியது நல்ல வலை.

[காட்சி: இரண்டு வலைத் துண்டுகள், அருகருகே.]

இடது பக்கம் இருப்பது, ஹாட்வெயார் கடையில் கோழி வலை என்று கேட்டால் தருகிற அறுகோணக் கண் வலை. கோழி வெளியே போகாமல் அது தடுக்கும், அவ்வளவுதான். நாய் பல்லால் இழுத்தால் கிழிந்துவிடும். பாம்பு கண்ணுக்குள்ளாலேயே நுழையும். வலது பக்கம் இருப்பது அரை அங்குலச் சதுரக் கண் உள்ள, கம்பிகளை ஒட்டவைத்த வலை. விலை கூடத்தான். காசு இடித்தால் கூட்டைச் சிறிதாகக் கட்டுங்கள், வலையில் மிச்சம் பிடிக்க வேண்டாம். இரவில் மட்டும் அடைப்பதற்கு ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி போதும். வலையை ஆணியோடு மட்டும் விடாமல், விளிம்பின் மேல் ஒரு சலாகை, அதாவது மெல்லிய மரச்சட்டம், வைத்து அடியுங்கள். இல்லாவிட்டால் ஒரு மூலையைக் கிளப்பினாலே எல்லாம் கழன்று வரும்.

கூடு தரையில் இருந்தால் கீரி தோண்டும். அதற்கு வலையைக் கீழே மடித்து, வெளிப்பக்கமாக ஒன்றரை அடி நிலத்தில் படுக்கவைத்து, மண்ணும் கல்லும் போட்டு மூடுங்கள். சுவரடியில் தோண்டத் தொடங்கும் கீரிக்கு அந்த வலைதான் தட்டுப்படும். கால் வைத்து உயர்த்திய பழைய மாதிரிக் கூடு என்றால் இன்னும் நல்லது. அடியாலும் காற்று வரும். கால்களைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டால் எலியும் கீரியும் வழுக்கும்.

நீளப்பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும். அப்போது காலை, மாலை வெயில் குறுகிய பக்கத்தில்தான் விழும். கூரை தகரமென்றால் அதன் மேல் கிடுகு (பின்னிய தென்னோலை) போடுங்கள், இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு. பின்னேரத்தில் மேற்குப் பக்க வலையின் வெளியே ஒரு சாக்கை நனைத்துத் தொங்கவிடலாம். கச்சான் காய்ந்த காற்று என்பதால் சாக்கில் உள்ள ஈரம் வேகமாக ஆவியாகி, உள்ளே போகிற காற்றைக் குளிர வைக்கும். மழைக்காலப் புழுக்கத்தில் இந்த வேலை பலிக்காது. சாக்கு முழுப்பக்கத்தையும் மூடாமல், மேலே ஓர் அடி திறந்திருக்கட்டும்.

சரி, கூடு தயார். கோழி உள்ளே போக வேண்டுமே? மத்தியானத்தில் தீன் போடாதீர்கள். தீன் செரிக்கும்போது உடம்பில் இன்னும் சூடு ஏறும். விடியவும் பின்னேரமும் கொடுங்கள், பின்னேரத் தீனைக் கூட்டுக்குள்ளேயே தூவுங்கள். இந்த மாதங்களில் இங்கே பொழுது சாய்வது மாலை 6.20 அளவில். அதற்குள் கதவு பூட்டியிருக்க வேண்டும். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, பிடிக்க வந்தாலும் அசையாது. பகலில் நிழலில் வைத்த தண்ணீர்ச் சட்டியையும் சிந்திய குருணலையும் அப்போதே எடுத்துவிடுங்கள். குருணலுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

[காட்சி: வலைப் பந்தலின் கீழ் தாய்க்கோழியும் குஞ்சுகளும்.]

குஞ்சுகளுக்கு ஆபத்து பகலில். மேலே பருந்தும் வல்லூறும், மதிலில் காகம். கரையோரத்தில் கழித்துவிட்ட மீன்வலை கிடைத்தால் பந்தல் மாதிரி இறுக்கிக் கட்டுங்கள். தொய்வாகவோ நிலத்தில் படவோ விட்டால் பாம்பும் குருவியும் சிக்கிச் சாகும். பந்தலில் பாஷன் பழக் கொடியை ஏற்றிவிட்டால் நிழலும் கிடைக்கும். பந்தல் இல்லையென்றால் குஞ்சுகளைத் தாயோடு கரப்பால் (கவிழ்த்து வைக்கிற கூடையால்) மூடி வையுங்கள், நிழலில் மட்டும். வெயில் நகரும், கரப்பு நகராது என்பதை மறக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் இழுத்து வேலிக்குக் கொடுப்பது. கீரிக்கு வைத்தது பிள்ளையைக் கொல்லும். நஞ்சும் வேண்டாம், செத்ததைத் தின்கிற நாயும் சாகும். உடும்பும் மலைப்பாம்பும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அடிக்காமல், வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

எது வந்தது என்று தெரியாவிட்டால் தடயத்தைப் பாருங்கள். முட்டை ஓடுகூட இல்லாமல் காணாமல் போனால் பாம்பு அல்லது உடும்பு. ஓடு உடைந்து கிடந்தால் கீரியோ காகமோ. இறகு வேலிவரை சிந்திக் கிடந்தால் நரி அல்லது காட்டுப்பூனை. ஒரே இரவில் பல கோழிகளைக் கடித்துக் குதறி, தின்னாமல் போட்டுவிட்டுப் போயிருந்தால் பெரும்பாலும் அது நாய். அயல்வீட்டு நாய் என்றால் வலையோடு வேலை முடியாது, போய்ப் பேசத்தான் வேண்டும்.