பேக்ஹோவை ஆட்டமில்லாமல் பூட்டுவது

நேயர்களுக்கு வணக்கம்.

சிறிய டிராக்டர் வைத்திருப்பவர்கள் பலர் அதன் பின்னால் பேக்ஹோ என்ற தோண்டும் கருவியை மாட்டிக்கொள்கிறார்கள். வாய்க்கால் வெட்ட, குழாய் புதைக்க, மரத்தின் வேர்க்கட்டையைப் பெயர்க்க என்று அதற்கு வேலை வந்துகொண்டே இருக்கும். எப்படித் தோண்டுவது என்று சொல்லித்தரவும் ஆள் கிடைக்கும். அதை டிராக்டரோடு பூட்டுகிற விதத்தில்தான் நாம் அவசரப்படுகிறோம். டிராக்டர் பழுது பார்க்கிறவன் என்ற முறையில், இன்று அந்தப் பூட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கலப்பை, ரோட்டவேட்டர் எல்லாம் மாட்டுகிற மும்முனை இணைப்பு உங்களுக்குத் தெரியும். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு டாப் லிங்க். சிறிய டிராக்டருக்கான கருவிகளில் கீழ்ப் பின்களுக்கும் மேல் பின்னுக்கும் இடையே சுமார் 46 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். இப்போது பேக்ஹோவின் தோண்டும் வாளியான பக்கெட் அந்தக் கீழ்ப் பின்களிலிருந்து 2 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, ஒரு டன் விசையோடு மண்ணை டிராக்டர் பக்கமாக இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடப்பாரையால் பாறையை நெம்புவது போலத்தான் இதுவும். அடியில் ஒரு டன் என்றால், மேலே டாப் லிங்கின் மீது 4 டன்னுக்கு மேல் அழுத்தம் வந்து விழும். பேக்ஹோவின் இரு பக்கமும் தரையில் ஊன்றுகிற ஊன்றுகால்கள் அதில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் அந்த ஒற்றைக் கம்பிக்குத்தான்.

மரை திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற சாதாரண டாப் லிங்க், கலப்பைக்காகச் செய்தது. இந்த அழுத்தத்தில் அது வளையலாம், மரை கழன்றுவிடலாம். அப்படி நடந்தால் பேக்ஹோவின் மேல்பகுதி முன்னால் மடங்கிவிடும். அங்கேதான் ஓட்டுநர் உட்கார்ந்திருக்கிறார், டிராக்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவர் பேக்ஹோவுக்கும் டிராக்டருக்கும் நடுவே நசுங்கிவிடுவார்.

இன்னொன்றும் இருக்கிறது. பெரும்பாலான டிராக்டர்களில் அந்தக் கீழ்க் கைகளை இயக்குகிற பின்பக்க லிஃப்ட் தூக்க மட்டும்தான் செய்யும். கீழே அமுக்கிப் பிடிக்காது, இறங்குவது கருவியின் எடையால்தான். ஆகவே பக்கெட்டைத் தரையில் ஊன்றி அழுத்தினால், பேக்ஹோ மொத்தமாக மேலே எழும்பப் பார்க்கும். அதைத் தடுக்க அந்தக் கைகளில் எதுவும் கிடையாது.

டிராக்டருக்கும் இது கேடுதான். லாரிக்கு இருப்பது போல நீளமான சேசிஸ் பல சிறிய டிராக்டர்களுக்குக் கிடையாது. எஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர் பாக்ஸ், பின் அச்சு இவற்றை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். அந்த வார்ப்பிரும்புக் கூடுகளே அதன் உடம்பு. வார்ப்பிரும்பு சுமையைத் தாங்கும், வெட்டி வெட்டி இழுத்தால் விரிசல் விடும். ஒரு முறை என்னிடம் ஒரு டிராக்டர் வந்தது. பின்பக்கம் எண்ணெய் கசிகிறது, சீல் போயிருக்கும் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். துடைத்துவிட்டு விளக்கை வைத்துப் பார்த்தால், டாப் லிங்க் பிராக்கெட்டின் போல்ட் துளையிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு கோடு. மும்முனை இணைப்பிலேயே பேக்ஹோவை மாட்டி வேர்க்கட்டை பெயர்த்திருக்கிறார்கள். டிராக்டரையே இரண்டாகப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. அந்த உரிமையாளரின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

ஆகவே என் கருத்து இதுதான். பேக்ஹோவுக்கு அடிச்சட்டம் வேண்டும். பின் அச்சில் தொடங்கி, டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் இரு பக்கமும் ஓடி, முன்னால் மண் அள்ளுகிற லோடரின் பிராக்கெட் வரை போய்ச் சேருகிற இரும்புச் சட்டம் அது. தோண்டும் விசை ஒரே இடத்தில் குவியாமல் டிராக்டரின் நீளம் முழுக்கப் பரவும். அந்தந்த மாடலுக்கென்று செய்ததையே வாங்குங்கள். கூட்டில் புதிதாகத் துளை போடுவது, வார்ப்பிரும்பில் வெல்டிங் வைப்பது இரண்டும் வேண்டாம். மும்முனை இணைப்பில்தான் மாட்டியாக வேண்டும் என்ற நிலை இருந்தால், முதலில் டிராக்டரின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். அனுமதித்தால், நீளம் மாறாத கனமான கம்பிகள் மேலேயும் கீழேயும் போட வேண்டும். திருகு டாப் லிங்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள்.

சரி, மாட்டுகிற வேலைக்கு வருவோம். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்கட்டும். டிராக்டரை நேராகப் பின்னால் கொண்டுவந்து, பேக்ஹோவின் சட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு ஹைட்ராலிக் ஹோஸ்களை இணையுங்கள். ஹோஸின் நுனியில் இருக்கும் கப்ளர் 'டக்'கென்று உட்கார வேண்டும். எண்ணெய் திரும்புகிற ஹோஸ் சரியாக உட்காராவிட்டால், அழுத்தம் போக வழியின்றி சீலைப் பிய்த்துக்கொண்டு வரும். அப்புறம் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பேக்ஹோவின் இருக்கையில் அமர்ந்து ஊன்றுகால்களாலும் பூம் என்ற தோண்டும் கையாலும் சட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கிக் கொக்கிகளைப் பொருத்துங்கள். அந்த நேரத்தில் டிராக்டருக்கும் பேக்ஹோவுக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. உதவிக்கு வந்தவர் அன்போடு ஓடி வருவார், அவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

துளைகள் நேராக வந்ததா என்று விரலை விட்டுப் பார்க்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஊன்றுகால் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் போதும், விரல் துண்டாகிவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். பின்னைச் சுத்தியலால் ஓங்கி அடித்துத்தான் இறக்க முடிகிறது என்றால் துளைகள் இன்னும் நேராகவில்லை என்று அர்த்தம்.

பின்னின் கனத்தில் சமரசம் கூடாது. மும்முனை இணைப்பில் சிறிய டிராக்டருக்கான முதல் வகைக்குக் கீழ்ப் பின் 22 மில்லிமீட்டர், மேல் பின் 19 மில்லிமீட்டர். அதைவிடப் பெரிய இரண்டாம் வகைக்குக் கீழே 28, மேலே 25. பெரிய துளையில் சின்னப் பின்னைப் போட்டால் மாட்டுவது சுலபம்தான். ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் பின் உள்ளே இடித்துக்கொண்டே இருக்கும், துளை முட்டை வடிவமாகிவிடும். பின்னுக்குப் பதிலாக ஒரு போல்ட்டைச் சொருகுவதும், பின் கழலாமல் பிடிக்கிற லிஞ்ச் பின் தொலைந்துவிட்டது என்று கட்டுக்கம்பியை முறுக்கி விடுவதும் நான் அடிக்கடி பார்க்கிறவை. கம்பி அறுந்தால் சத்தம் கூட வராது, பின் தானாக நகர்ந்து வெளியே வந்துவிடும். போல்ட்டுகளும் அப்படித்தான். தலையில் இருக்கும் எண் அதன் வலிமையைச் சொல்கிறது, 10.9 போல்ட் இருந்த இடத்தில் அதைவிட வலிமை குறைந்த 8.8 போல்ட்டைப் போடாதீர்கள். கையேடு சொல்கிற அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள்.

அடிச்சட்டத்தில் மாட்டிய பிறகு லிஃப்ட் நெம்புகோலைக் கீழ்நிலையில் பூட்டிவிடுங்கள். யாராவது தெரியாமல் தொட்டால், கீழ்க்கைகள் எழும்பிச் சட்டத்தில் போய் இடிக்கும்.

சாலையில் ஓட்டிப் போகும்போது பூமை மடக்கி அதன் பூட்டைப் போடுங்கள், பக்கவாட்டில் திரும்பாமல் இருக்கும் பின்னையும் போடுங்கள். பின்னால் அவ்வளவு எடை தொங்கும்போது முன் சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் பிடி கொடுக்காது. முன்னால் லோடர் இருப்பது இதற்கும் உதவும்.

தோண்டத் தொடங்கும் முன் லோடர் பக்கெட்டைத் தரையில் வையுங்கள். ஊன்றுகால்களை இறக்கி, பின் சக்கரங்களின் சுமை அவற்றுக்கு வரும்படி செய்யுங்கள். ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளை வழியே வருகிற எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது. ஒரு அட்டையைப் பிடித்துப் பாருங்கள், போதும்.

முதல் பள்ளத்தைத் தோண்டி முடித்ததும் பக்கெட்டைத் தரையில் வைத்து எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு துணியோடு இறங்கிப் போங்கள். புதிய சட்டத்தின் போல்ட்டுகள் முதல் சில மணி நேரத்தில் உட்கார்ந்து தளரும், மறுபடியும் இறுக்க வேண்டும். ஒவ்வொரு போல்ட் தலையையும் சுற்றிப் பாருங்கள். பெயிண்ட் உரிந்து, செந்நிறத் தூள் படிந்திருந்தால் அங்கே இரும்போடு இரும்பு உரசுகிறது. அந்தத் தூளைத் துடைத்துவிட்டு மறுபடி ஏறி உட்காராதீர்கள். டார்க் ரெஞ்சை எடுத்து வாருங்கள். நன்றி, வணக்கம்.